ஆம்பூரில் ஒன்றரை நாள் புவியீர்ப்பு வேலை செய்யவில்லை

ஆம்பூரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கி புதன்கிழமை மதியச் சாப்பாடு வரை, ஏறத்தாழ ஒன்றரை நாள், புவியீர்ப்பு விசை வேலை செய்யவில்லை. பேப்பரில் வரவில்லை. ஏனென்றால் அது ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமுக்குள், ஒரு மேஜைமேல், சாப்பாட்டுத் தட்டு அகல இடத்தில் மட்டும் நடந்தது. அதை நிறுத்தி வைத்தவன் நான்தான். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். மூன்று வருடப் படிப்பை நாலரை வருடம் நிதானமாக, ருசித்துப் படித்தவன். (இந்த ருசிக்கு யுனிவர்சிட்டிக்காரர்கள் அரியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.) பரீட்சைக்கு எதைப் படிப்பது, எதை சாய்ஸில் விடுவது என்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. புவியீர்ப்பை சாய்ஸில் விட்டேன். பிற்காலத்தில் அது என் மேஜைக்கே தேடி வரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

இந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியின் யார்டில். லாரியில் வந்து இறங்குகிற பச்சைத் தோலை ரகம் பிரித்து சீட்டு ஒட்ட வேண்டும். பச்சைத் தோலின் வாசனையைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சாயங்கால பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் ஒருவனாக, கால் நீட்டி, ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து வருவேன். எங்கள் ஊர் அணைக்கட்டில் என் அம்மா வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்பார். சட்டையைக் கழற்றாமல் உள்ளே விடமாட்டார். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில், நான் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் பெண்ணின் அப்பா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பாவம், இன்னும் திறக்க முடியுமா என்று பார்த்தார்.

யார்டுக்கு அடுத்த கட்டடம் அதே முதலாளியின் ஷூ கம்பெனி. அதன் முதல் மாடியில், மாதிரி ஷூ செய்கிற சாம்பிள் ரூம். ஏ.சி. கண்ணாடிக் கதவு. உள்ளே எலுமிச்சை வாசனை ஏதோ அடித்திருப்பார்கள். ஒட்டிய சீட்டுகளின் நகல் கட்டைக் கொடுக்க அங்கே போகும்போதெல்லாம், சீட்டுகளை ஒன்றொன்றாகக் கொடுத்து ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பேன். அந்த ரூமில் ஒரு நாற்காலி. வாழ்க்கையில் நான் கேட்டது அவ்வளவுதான். அது கிடைத்தால் பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்காரும். திறந்த ஜன்னலை யாரும் எழுந்துபோய்த் திறக்கமாட்டார்கள். கல்யாணம் கூட நடக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து, மொத்தமாக ஷூ வாங்குகிற ஒரு பையர் அம்மா வரப்போவதாகச் சொன்னார்கள். அவருக்கு வேண்டியது சேஃப்டி ஷூ. கட்டட வேலைக்காரர்கள், மெஷின் ஓட்டுகிறவர்கள் போடுகிற ஷூ. மேலே என்ன விழுந்தாலும் விரல் நசுங்காமல் இருக்க, முனையில் தோலுக்கு அடியில் கிண்ணம் மாதிரி ஒரு கேப் வைத்துத் தைத்திருப்பார்கள். கேப் வைத்தால் ஷூ கனக்கும். இந்த அம்மாவுக்குக் கனமில்லாமல் வேண்டுமாம்.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கண்காட்சியில் ஒரு ஷூ காற்றில் மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதேபோல் ஒரு காந்த ஸ்டாண்டை வரவழைத்தார். பெட்டியைப் பிரித்தால் வட்டமாக ஒரு பீடம், ஒரு ஒயர், தோசைத் திருப்பியைவிடச் சின்னதாக ஒரு காந்த வில்லை, முழுக்க சீன மொழியில் ஒரு காகிதம். சாம்பிள் ரூமே மேஜையைச் சுற்றி நின்று பார்த்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இங்க பிசிக்ஸ் படிச்சவன் யாருபா?" என்றார் பாய்.

சீட்டுக் கொடுக்க வந்து கூடுதல் ஐந்து நிமிடத்தில் நின்றிருந்த நான் கையைத் தூக்கினேன்.

பாய் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு, "பையர் விசிட் முடியறவரைக்கும் நீ இங்கயே இரு. இத மெதக்க வெச்சுக் காட்டு. எல்லாம் ஒழுங்கா போச்சுன்னா யார்டுக்கு வேற ஆள் போட்டுக்கறேன். மொதல்ல போய் சட்டைய மாத்திகினு வா" என்றார்.

திங்கட்கிழமை முழுக்க அந்த ஷூவுடன் மல்லுக்கட்டினேன். வில்லையை ஷூவுக்கு அடியில் ஒட்டி, பீடத்துக்கு நேர் மேலே பிடித்து, சரியான இடத்தில் கையை விட வேண்டும். நூல் பிசகினால் ஷூ துள்ளிக் குதித்து மூலையில் போய் விழும். ஒருமுறை மாஸ்டர் அன்வரின் டீ கிளாஸ்மேல் விழுந்தது. அன்வர் மாஸ்டர்தான் சாம்பிள் ரூமின் தலைவர். பேட்டர்ன் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் அடுத்த டீயை ஜன்னலோரத்துக்கு மாற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, எத்தனையாவது தடவையோ, கையை விட்டேன். ஷூ விழவில்லை. ரெண்டு விரற்கடை உயரத்தில், எதையும் தொடாமல், மெல்ல ஆடிக்கொண்டு நின்றது. மாஸ்டர் ஒரு பேப்பரை எடுத்து ஷூவுக்கும் பீடத்துக்கும் நடுவில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். ரூமில் இருந்த பதினைந்து பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

"இன்னா தோஸ்த் இது?" என்றார் மாஸ்டர். "அப்ப பூமி இழுக்குதுன்னு ஸ்கூல்ல சொன்னதெல்லாம் பொய்யா?"

இதற்குச் சரியான பதில், பிற்பாடு எனக்கு விளக்கப்பட்டபடி, மிகவும் சின்னது. பூமி இழுக்கத்தான் செய்கிறது, காந்தம் அதே அளவுக்கு மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான். பி.எஸ்ஸி. கூட வேண்டாம், எட்டாங்கிளாஸ் போதும். ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சலவைச் சட்டை, தலைக்கு மேல் ஏ.சி., சுற்றிலும் பதினைந்து பேர், அதில் ஒருவர்கூட மூக்கை மூடவில்லை. தலைகால் தெரியாமல் ஆடுகிறவனை எங்கள் பக்கத்தில் 'மிதப்புல இருக்கான்' என்பார்கள். அன்றைக்கு அந்த ரூமில் மிதந்தவை இரண்டு. ஷூவுக்காவது கீழே காந்தம் இருந்தது.

"அந்த எடத்துல மட்டும் புவியீர்ப்ப கட் பண்ணி வெச்சிருக்கேன் மாஸ்டர்" என்றேன்.

(கரண்ட் ஆபீஸ்காரர்கூட இவ்வளவு சாவகாசமாகச் சொல்லமாட்டார்.)

பன்னிரண்டு மணிக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கட்டிங், தையல், ஃபினிஷிங் என்று ஒவ்வொரு செக்‌ஷனாக ஆள் வந்தார்கள். ஷூவுக்கு அடியில் கையை நீட்டிப் பார்த்தார்கள். தையல் செக்‌ஷன் அக்கா ஒருவர், கை லேசாக ஆன மாதிரி இருக்கிறது என்றார். நான் டாக்டர் மாதிரி தலையாட்டினேன். உடனே அடுத்தவருக்கும் லேசானது. முட்டி வலிக்காரர் ஒருவர் பீடத்தின்மேல் ஏறி நிற்கலாமா என்று கேட்டார். வாட்ச்மேன், தன் வீட்டில் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்குவதற்கு இதுபோல் ஒன்று கிடைக்குமா என்று தனியாக அழைத்துப்போய் விசாரித்தார். 'பார்க்கலாம்' என்றேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமாவது 'பார்க்கலாம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கேன்டீன் முனியம்மா அக்கா டீ கெட்டிலுடன் வந்தார். மற்றவர்கள் மாதிரி கையை நீட்டவில்லை. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஷூவையே பார்த்தார்.

"பூமி இழுக்கலன்னா அது மேல போய் சீலிங்ல இடிக்கணும் இல்ல? ஏன் ரெண்டு விரக்கடையிலயே நிக்குது?"

எனக்கு வேர்த்துவிட்டது, ஏ.சி.யில். "அது... பழக்கம்க்கா" என்றேன். "ரொம்ப நாளா தரையிலயே இருந்த ஷூ இல்ல?"

முனியம்மா அக்கா என்னைப் பார்த்த பார்வை, சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னவனைப் பார்க்கிற பார்வை. எனக்கு மட்டும் டீ ஊற்றாமல் போய்விட்டார்.

மூன்று மணிக்கு பாய் வந்தார். ஷூவைச் சுற்றி ஒரு வலம் வந்தார். செய்தி அவருக்கும் போயிருந்தது.

"அந்த எடத்துல ஷூவுக்கு வெயிட் இல்லன்றாங்களே, நெசமா?"

"ஆமா பாய்."

"ஜீரோ?"

"ஜீரோ பாய்."

பாய் முகம் மலர்ந்துவிட்டது. எல்லாக் கம்பெனிக்காரனும் லைட் வெயிட், லைட் வெயிட் என்று சொல்கிறான், நாம் வெயிட்டே இல்லை என்று காட்டுவோம் என்றார். நாளைக்கு அந்த அம்மாவிடம் நீதான் இங்கிலீஷில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று என் தோளில் கூட ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கையை முகர்ந்து பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய முன்னேற்றம் பாருங்கள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அதைக்கூட ரசிக்க முடியவில்லை. முனியம்மா அக்காவின் கேள்வி தலைக்குள் மிதந்துகொண்டே இருந்தது. பூமி இழுக்கிறது என்றால் ஏன் விழவில்லை? இழுக்கவில்லை என்றால் ஏன் பறக்கவில்லை? கொஞ்சமாக இழுக்கிறதா? பாதி கட், பாதி கட் இல்லையா? காந்தத்தைக் கண்டால் பூமிக்குப் பயமா? வீட்டு வாசலில் அம்மா, "இன்னிக்கி நாத்தம் கம்மியா கீதே" என்றார், சந்தோஷமாக. என் பழைய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மற்ற பாடங்கள் எல்லாம் கசங்கியிருக்க, புவியீர்ப்புப் பாடம் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி புத்தம் புதிதாக, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு இருந்தது. படித்தேன். முதலில் இருந்ததைவிட நன்றாகக் குழம்பினேன்.

புதன்கிழமை பையர் அம்மா வந்தார். உயரமான அம்மா, அமைதியாகப் பார்த்து அமைதியாகக் கேட்கிறவர். கீழே கேன்டீனில் பிரியாணி தயாராகிக்கொண்டிருந்தது. சாம்பிள் ரூம் கதவைத் திறந்ததும், மிதக்கிற ஷூவைப் பார்த்துச் சிரித்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த இடத்தில் புவியீர்ப்பு கிடையாது, ஷூவின் எடை பூஜ்யம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஒருவேளை என் இங்கிலீஷ்தான் தப்போ என்று நினைத்து அந்த அம்மா திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் தெளிவாக மாட்டிக்கொண்டேன்.

அந்த அம்மா நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். புவியீர்ப்பு இல்லை என்றால் யார் காலிலும் எதுவும் விழாது. எதுவும் விழாது என்றால் நான் எதற்காக உங்களிடம் சேஃப்டி ஷூ வாங்க வேண்டும்?

பாய்க்கு இங்கிலீஷ் நன்றாகப் புரியும். என் பக்கம் திரும்பினார். நான் ஷூவைப் பார்த்தேன். ஷூ ஆடியது.

எனக்கு எடை வேண்டும், எடைபோட்டுக் காட்டுங்கள் என்றார் அந்த அம்மா. பேக்கிங் செக்‌ஷனிலிருந்து எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு கோகிலா வந்தாள். (இவளைப் பற்றிக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. இதை முதலில் படிக்கப்போவது அவள்தான்.) குடியாத்தத்தில் தறிக் குடும்பம். பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு, ஷூ பெட்டிகளை எடைபோட்டு ஒட்டுகிற வேலையில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், மெஷின் பேசும்.

ஷூவைக் கையில் எடுத்து மெஷினில் வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் விடவில்லை. "மெதக்கறப்ப வெயிட் இல்லன்னுதான் சொன்னேன். கையில எடுத்தா வெயிட் வந்துரும்" என்றேன், முழுகுகிறவன் ஒயரைப் பிடித்தது மாதிரி.

கோகிலா என்னைப் பார்த்தாள். "அப்ப மெதக்கறப்பவே போடலாம் சார்" என்றாள்.

மெஷின் தட்டு இரும்பு என்பதால், அதன்மேல் முதலில் ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, எண்ணைப் பூஜ்யமாக்கினாள். எனக்கு இது தோன்றியிருக்காது. ஷூவை எடுத்துவிட்டு பீடத்தை மட்டும் பெட்டிமேல் வைத்தாள். ஒரு கிலோ எண்ணூறு. நான் பீடத்துக்கு மேலே ஷூவைப் பழையபடி மிதக்க விட்டேன். ஷூ எதையும் தொடாமல் நின்றது. மெஷினில் எண் ஓடி நின்றது. இரண்டு கிலோ முன்னூற்று அறுபது. ஷூவையும் வில்லையையும் எடுத்துத் தனியாகப் போட்டாள். ஐந்நூற்று அறுபது. ஒரு கிராம் ஏமாற்று இல்லை.

"ஷூ எதையும் தொடல சார். ஆனா வெயிட்டு கீழ வந்துருது" என்றாள். அதில் கேலி இல்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கதவோரம் பிரியாணித் தட்டுகளோடு நின்ற முனியம்மா அக்கா, "பழக்கமாம்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி மன்னிப்புக் கேட்டிருப்பான். நானோ மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். அலமாரியில் இதே ஷூவின் வலது கால் இருந்தது. அதே கறுப்பு, அதே லேஸ். ஜோடியாக மிதக்கவிட்டால் இந்த எடை விஷயம் மறந்துபோகும் என்று ஒரு கணக்கு. (இடது ஷூவை எடுக்காமல் ஒரே பீடத்தில் இரண்டு எப்படி மிதக்கும் என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை.) இடது ஷூவை மறுபடி மிதக்க விட்டு, வலது ஷூவை எடுத்துக்கொண்டு பீடத்தை நெருங்கினேன்.

சாம்பிள் ரூமில் ஒரு வாரம் இருந்தவனுக்கும் தெரிந்த ஒரு விஷயம் யார்டுக்காரனுக்குத் தெரியாது. சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான் செய்வார்கள். ஜோடி என்பதே அந்த ரூமில் கிடையாது. நான் ஜோடி என்று நினைத்தது இரண்டு வேறு வேறு சாம்பிள். இடது காலில் ஃபைபர் கேப். வலது காலில் இரும்புக் கேப்.

"டேய், அது ஸ்டீலு" என்று அன்வர் மாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் ஷூ என் கையிலிருந்து பறந்தது. 'டமார்' என்று மூக்குக் குப்புற பீடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மிதந்துகொண்டிருந்த இடது ஷூ பயந்துபோய் எகிறி, மேஜை விளிம்பில் மோதி, நேராக என் வலது கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. நான் ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன்.

ஆம்பூரில் புவியீர்ப்பு திரும்பி வந்தது அந்த நிமிடத்தில்தான்.

நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருக்க, மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் வலது ஷூவைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. அந்த அம்மா என் கட்டைவிரலைக் கவலையோடு பார்த்துவிட்டு, அந்த இரும்புக் கேப் ஷூவின் எடை எவ்வளவு என்று தெரியாமல் போய்விட்டதே என்றார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

கோகிலா பீடத்தை, அதில் ஒட்டிக்கொண்டிருந்த ஷூவோடு அப்படியே தூக்கிக் கவிழ்த்த பெட்டிமேல் வைத்தாள்.

"ஸ்டாண்டு வெயிட்டு தெரியும்ல பாய், கழிச்சுக்கலாம்" என்றாள். "மெதந்தாலும் ஒட்னாலும் மெஷினுக்கு ஒன்னுதான்."

நாலரை வருடம் நான் படித்த மொத்த பிசிக்ஸும் அந்த ஒரு வரியில் இருந்தது. பையர் அம்மாவுக்கு பாய் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அம்மா சிரித்த சிரிப்பில், பேப்பரில் எழுத எடுத்த பேனா கீழே விழுந்தது. அதுவும் ஒழுங்காகவே விழுந்தது. ஃபைபர் கேப் ஷூதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, பிரியாணி சாப்பிடப் போனார்.

சாயங்காலம் பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"கோகிலா, நாளைலேருந்து நீ சாம்பிள் ரூம்லயே இருந்துக்கோமா" என்றார். பிறகு என் கட்டைவிரல் பேண்டேஜைப் பார்த்தார். "சிவா, யார்டுல புவியீர்ப்பு ரொம்ப ஜாஸ்தியா வேலை செய்யுதாம். லாரிலேருந்து தோல் கட்டு கீழ வுழுந்துகினே கீதாம். போய் பாரு."

அந்த நாற்காலி, அந்த எலுமிச்சை வாசனை, எல்லாம் அவளுக்குப் போய்விட்டது. சீட்டு கொடுக்கப் போகும்போது அந்த நாற்காலியில் அவள் இருப்பாள். பழையபடி ஒவ்வொன்றாகக் கொடுத்து ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றேன். ஆனால் காரணம் ஏ.சி. அல்ல என்று எனக்கே புரிய ஒரு வருடம் ஆனது. (அவளுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டதாம்.) பெண் கேட்டு குடியாத்தம் போனபோது, அவள் அப்பா ஜன்னலைத் திறக்கவில்லை. நூல் சாயம் போடுகிற வீடு. அந்த வாசனையில் நான் ஒரு பொருட்டே இல்லை. அங்கே உட்கார்ந்து நான் காபி குடித்த நிம்மதியை எழுத என்னால் முடியாது.

இன்றைக்கும் நான் யார்டுதான், சூப்பர்வைசர். அன்றைக்கு நடந்தது எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு பரிமாறப்படுகிறது. டம்ளர் விழுந்தால் யார் தள்ளியது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. "இன்னிக்கி சார் கட் பண்ணல போல" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். தேங்காய் உருண்டால் வரும், போன் விழுந்தால் வரும், ஒருமுறை என் மாமனார் மொபெட்டிலிருந்து சாய்ந்தபோது அவரே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார். ஷூ ஏன் மிதந்தது என்பது எனக்கு இப்போது தெரியும். கோகிலா இரண்டு முறை விளக்கியிருக்கிறாள். மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் எங்கள் மகள் கட்டிலில் குதித்து விளையாடும்போது கீழே விழுந்தாள். நாலு வயது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அழவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"ஏம்பா, நான் வுழறது தெரியும்ல? ஏன் கட் பண்ணாம வுட்டுட்டே?"

மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன்.